வானத்துக்குப் பாதி, கோபுரத்துக்குப் பாதி

ஒரேயொரு இணைப்பு இருந்த காலத்தில் எங்கள் மையத்தில் இணையம் மெதுவாக வேலை செய்தது. இரண்டாவது இணைப்பும் வந்த பிறகு அது சமத்துவமாக வேலை செய்யாமல் விட்டது. இந்த முன்னேற்றத்துக்கு நாங்கள் பதினொரு கூட்டம் நடத்தினோம். பதினொன்றுக்கும் குறிப்பு எழுதியவன் நான். ஆகவே எந்தப் பிழையும் தற்செயலாக நடக்கவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

மையத்தின் முழுப்பெயர் ‘வன்னி இருவழித் தொடர்பாடல் மேம்பாட்டு மையம்’. கிளிநொச்சியில், கண்டி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் செம்மண் ஒழுங்கையில், கூரை புதிதாகப் போட்ட ஒரு பழைய நெல் களஞ்சியத்தில் அது இயங்கியது. 2003ஆம் ஆண்டு. சண்டை நின்று பாதை திறந்திருந்தது. அந்தப் பாதையால் முதலில் சனம் வந்தது, பிறகு சீமெந்து வந்தது, கடைசியாக உதவி நிறுவனங்கள் வந்தன. ஒரு வெளிநாட்டார் எங்கள் கூரையில் பெரிய தட்டு ஒன்றை மல்லாத்தி வைத்து, வானத்திலிருந்து இணையம் இறக்கித் தந்தார்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு நாட்டார் முற்றத்தில் இரும்புக் கோபுரம் நட்டு, வவுனியாப் பக்கமிருந்து இணையம் இழுத்துத் தந்தார்கள். இரண்டும் வேறு வேறு கொம்பனி.

இரண்டு வயரும் வந்து முடிகிற இடத்தில் பயர்வோல் என்ற கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. கண்டதெல்லாம் உள்ளே வராமல் காவல் நிற்பதும், எந்த அலுவல் எந்த வழியால் வெளியே போவது என்று தீர்மானிப்பதும் அதன் வேலை. திறப்புவிழா அன்று அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, கண்ணாடி அலுமாரியில் பூட்டினோம். அலுமாரித் திறப்பு பணிப்பாளரிடம். பெட்டிக்குள் போவதற்கான கடவுச்சொல்லில் முதல் பாதி பணிப்பாளரிடம், மற்றப் பாதி திட்ட அலுவலர் விமலேஸ்வரியிடம். பெட்டியை இயக்கத் தெரிந்த றிஸ்கான் நானாவிடம் ஒன்றும் இல்லை.

பணிப்பாளர் அப்புத்துரை, கூட்டுறவுத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். நல்ல மனிதர். யாரையும் ஏசமாட்டார், யாருக்கும் ஒன்றும் செய்யவும் மாட்டார். வானத்து நாட்டாரின் ஒப்பந்தத்தில், தங்கள் இணைப்பை மற்ற எந்த இணைப்பிலும் குறைவாகப் பாவிக்கக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. கோபுரத்து நாட்டாரின் ஒப்பந்தத்திலும் அதே வரி இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாட்டாரும் வருவார்கள். பணிப்பாளர் சுவரில் ஒரு வட்டப்படம் காட்டுவார். ஒரு பாதி நீலம், ஒரு பாதி பச்சை. அதன் முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த வட்டம் கோணாமல் இருப்பதற்காக, போகிற ஒவ்வொரு வேண்டுகோளையும் ஒன்று வானத்துக்கு, அடுத்தது கோபுரத்துக்கு என்று மாறி மாறி அனுப்பும்படி பெட்டிக்குக் கட்டளை கொடுக்கப்பட்டிருந்தது.

செப்டெம்பர் முதற்கிழமையில் வீரகத்தி என்ற கமக்காரர் ஜெயபுரத்திலிருந்து அக்கராயன் வழியாகச் சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சேட்டுப் பையில் அடையாள அட்டையை வைத்து, விழாமல் மேலே ஊசி குத்தியிருந்தார். குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த இரண்டு ஏக்கர் வயல்தான் அவருடைய சொத்து. ஆறு வருடம் விசுவமடுவில் இடம்பெயர்ந்து இருந்துவிட்டுத் திரும்பிப் போனபோது, வயலின் நான்கு மூலையிலும் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை நின்றது. போன மாரியில் அவர் வரம்பில் குந்தியிருந்து பக்கத்து வயல்கள் விளைவதைப் பார்த்தார். ஆடி மாதம் அவருடைய பசு பலகையை வாசிக்காமல் உள்ளே போனது. அதோடு வீட்டில் பாலும் நின்றுபோனது.

மிதிவெடி அகற்றுகிற இணைப்பகம், எந்த வயலை முதலில் துப்புரவாக்குவது என்பதை இணையத்தில் வரும் விண்ணப்பங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்தது. செப்டெம்பர் முப்பது, பின்னேரம் நாலு மணி கடைசி நேரம். அதற்குள் பதிந்த வயல் இந்தக் காலபோக விதைப்புக்கு முன் துப்புரவாகும். பதியாத வயல் அடுத்த வருடம் வரை பார்த்துக்கொண்டிருக்கும். மாவட்டத்தில் விண்ணப்பம் அனுப்ப அனுமதி பெற்ற ஒரே இடம் எங்கள் மையம்.

படிவம் மூன்று பக்கம். முதற்பக்கத்தில் ஆள், இரண்டாம் பக்கத்தில் காணி, மூன்றாம் பக்கத்தில் மேலே சொன்னதெல்லாம் உண்மை என்ற உறுதி. வீரகத்தி சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊர். அடுத்த பக்கம். மனப்பாடமாக வைத்திருந்த காணிப் பெர்மிட் இலக்கம், ஏக்கர், வாய்க்காலின் பெயர். மூன்றாம் பக்கம் வரவேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதை அவருக்குத் தமிழில் சொன்னேன்.

“உங்களை அடையாளம் காண முடியவில்லையாம். முதலிலையிருந்து தொடங்கட்டாம்.”

“இப்பதானே தம்பி பேர் சொன்னனாங்கள்?”

“ஓம் ஐயா. திருப்பிச் சொல்லுவம்.”

ஏழு முறை திருப்பிச் சொன்னோம். ஏழாவது முறை அவர் எழுந்து நின்று, கணினியைப் பார்த்து, தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னார். அதற்கும் அது அசையவில்லை.

றிஸ்கான் நானா வந்து எட்டிப் பார்த்தார். அவர் புத்தளத்தில் பன்னிரண்டு வருடம் அகதியாக இருந்து ரேடியோ, ரீவி திருத்தி, பிறகு கணினி படித்து, முல்லைத்தீவுக்குத் திரும்பியவர். புத்தளத்தில் அவர் பெயர் ‘போய்விட்டார்’ பட்டியலில் இருந்தது. முல்லைத்தீவில் ‘இன்னும் வரவில்லை’ பட்டியலில் இருந்தது. அதனால் இந்த நோய் அவருக்குப் புதிதில்லை.

“அண்ணை, உங்களிலை பிழையில்லை. உங்கட முதல் பக்கம் வானத்தாலை போகுது. ரெண்டாவது பக்கம் கோபுரத்தாலை போகுது. அங்காலை இருக்கிற கணினி, பேர் சொன்ன ஆள் வேறை, காணி சொன்ன ஆள் வேறை எண்டு நினைக்குது. முன் வாசலாலை வந்து பேரைப் பதிஞ்சிட்டு, பின் வாசலாலை போய்ச் சாப்பாடு கேட்டால் கலியாண வீட்டிலையும் உப்பிடித்தானே பாப்பினம்?”

“அப்ப என்னை ஒரு வாசலாலை விடுங்கோவன் தம்பி.”

“பெட்டிக்குள்ளை அதுக்கெண்டே ஒரு கட்டம் இருக்கு. ஒரு ஆளின்ரை அலுவல் முடியிற வரைக்கும் அவரை ஒரே வழியாலை விடு எண்டு. அதிலை ஒரு சரி போட்டால் போதும். அரை நிமிச வேலை.”

அரை நிமிடம் என்று கேட்டதும் வீரகத்தி திரும்ப உட்கார்ந்துவிட்டார். எங்கள் மையத்தை அவருக்கு அப்போது தெரியாது.

மூவருமாகப் பணிப்பாளரிடம் போனோம். அவர் வீரகத்திக்குக் கதிரை போட்டு, பசு போன கதையை முழுவதும் கேட்டு, உச்சுக்கொட்டினார். பிறகு றிஸ்கான் நானாவின் பக்கம் திரும்பினார்.

“நீர் சொல்லுறது விளங்குது. ஆனால் யோசிச்சுப் பாரும். இவர் முழுக்க வானத்தாலை போனால் கோபுரக்காரருக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது? கோபுரத்தாலை போனால் வானத்துக்காரர் என்ன நினைப்பினம்? ஒரு ஆளுக்காக ரெண்டு நாட்டைப் பகைக்கேலுமே?”

“சேர், இவரை ஒரு வழியாலை விட்டால் அடுத்த ஆளை மற்ற வழியாலை விடலாம். கடைசியிலை கூட்டிப் பார்த்தால் வட்டம் சரியா வரும்.”

“அது ஆளுக்கு ஆள் சமத்துவம். நாங்கள் கையெழுத்து வைச்சது அதைவிட நுட்பமான விசயத்துக்கு. ஒரு ஆளுக்குள்ளேயே சமத்துவம்.” பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் முப்பது வருசம் கூட்டுறவிலை இருந்தனான். சீனி இல்லையெண்டால் சனம் பொறுக்கும். ஒருத்தனுக்குக் கூடக் குடுத்தால் பொறுக்காது. அதாலை ஒருத்தருக்கும் குடுக்காமல் மூட்டையை அப்பிடியே வைச்சிருந்த நாளும் இருக்கு. எறும்புதான் திண்டது. ஒரு முறைப்பாடு வந்திருக்குமே? வரேல்லை!”

பெருமையோடு சொன்னார். பிறகு விடயத்தைப் பாதைச் சமத்துவ ஆலோசனைக் குழுவுக்கு அனுப்பினார்.

அந்தக் குழு ஒன்றுவிட்ட வியாழக்கிழமைகளில் கூடும். குழுவுக்கும் சமத்துவம் உண்டு என்பதால், தேத்தண்ணி ஒரு கடையிலும் வடை இன்னொரு கடையிலும் எடுப்போம். தேத்தண்ணி பத்து மணிக்கு வரும். வடை பதினொன்றரைக்கு வரும். இடைப்பட்ட நேரத்தில் தீர்மானம் எடுப்பதில்லை என்பது மரபு. வீரகத்தி வெளியே மர வாங்கில் காத்திருந்தார். வடைக்குப் பிறகு விமலேஸ்வரி ஒரு கேள்வி எழுப்பினார். இவர் உண்மையில் ஒரே ஆள்தான் என்பதற்கு எழுத்தில் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்பது கேள்வி. கிராம அலுவலரிடம் கடிதம் எடுத்து வரும்படி சொல்லியனுப்பினோம்.

வீரகத்தி நாற்பது கிலோமீற்றர் போய், நாற்பது கிலோமீற்றர் வந்து, கடிதம் கொண்டுவந்தார். ‘மேற்படி வீரகத்தி என்பவர் எனக்குத் தெரிந்த காலம் முதல் ஒரு நபராகவே இருந்து வருகிறார்’ என்று கிராம அலுவலர் எழுதி, சீலும் குத்தியிருந்தார். அந்த மனிதரை நான் சந்தித்ததில்லை, ஆனால் அன்றிலிருந்து மதிக்கிறேன்.

கடிதத்தைக் குழு கோவையில் சேர்த்துக்கொண்டது. ஆனால் பணிப்பாளருக்கு வேறொரு யோசனை பிறந்துவிட்டது.

“பயனாளிகளுக்கு விஞ்ஞானம் விளங்கேல்லை. அதுதான் பிரச்சினை. அவையளை விஞ்ஞானத்துக்குள்ளாலை நடத்தினால் விளங்கும்,” என்றார்.

ஒரு கிழமைக்குள் களஞ்சியத்தின் முன்பக்கச் சுவரை உடைத்து இரண்டாவது கதவு வைத்தார்கள். நடுவில் பலகைத் தட்டி அடித்து, இடது பக்கம் ஒரு மேசை, வலது பக்கம் ஒரு மேசை. இடது கதவுக்கு நீலம், வலது கதவுக்குப் பச்சை. வாசலில் காவலாளி வீரபாகு விசிலோடு நின்றார். வருகிற சனத்தில் ஒருவரை நீலத்தால் விடுவது, அடுத்தவரைப் பச்சையால் விடுவது அவருடைய வேலை. தாயும் கைப்பிள்ளையும் வந்தால் எப்படி என்று கேட்டார். அதற்குச் சுற்றறிக்கை வரும் என்று பணிப்பாளர் சொன்னார். அது வருவதற்கு முன்பே தாய்மார் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

கதவு வைத்த பிறகு வந்த புதனன்று வீரகத்தி மனைவி இராசேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு வந்தார். காணிப் பெர்மிட்டை அவா ஒரு பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தா. இடம்பெயர்ந்த நாள் தொட்டு அதை வேறு ஒருவர் கையிலும் கொடுத்ததில்லையாம். வீரபாகு அவரை நீலத்தால் விட்டார். அவாவைப் பச்சையால் விட்டார்.

புது ஒழுங்கின்படி அடையாள அட்டையையும் பெர்மிட்டையும் ஒரே மேசையில் காட்டவேண்டும். இடது மேசையில் நான் இருந்தேன். வீரகத்தியிடம் அடையாள அட்டை இருந்தது, பெர்மிட் இல்லை. வலது மேசையில் விமலேஸ்வரி இருந்தார். இராசேஸ்வரியிடம் பெர்மிட் இருந்தது, விண்ணப்பகாரர் இல்லை. இரண்டு பேரையும் வெளியே போய்த் திரும்ப வரும்படி சொன்னோம். திரும்ப வந்தபோது அவர் பச்சைக்குப் போனார், அவா நீலத்துக்கு வந்தா. நாலு முறை இப்படி நடந்தது. ஒருமுறை இருவருக்கும் இடையில் வேறொருவர் நின்றதால் ஒரே பக்கம் சேரப் பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு கிழவரும் புகுந்து அதையும் கெடுத்துவிட்டார்.

தட்டிக்கு மேலால் இராசேஸ்வரியின் குரல் கேட்டது.

“இஞ்சரப்பா! உந்தப் பக்கம் நிக்கிறியளே?”

“நிக்கிறன்.”

“முப்பத்தொரு வருசம் ஒண்டா இருந்தனாங்கள். ஷெல்லுக்கை ஓடேக்கை கூட உங்களை நான் விட்டுட்டு ஓடேல்லை. இஞ்சை ரெண்டு கதவிலை பிரிச்சுப் போட்டாங்கள். கையை மேலை நீட்டுங்கோ, கடதாசியைத் தாறன்.”

பெர்மிட் தட்டிக்கு மேலால் ஏறி வந்தது. வீரகத்தியின் கை அதைத் தொடுவதற்குள் வீரபாகு விசில் ஊதினார். ஊதிவிட்டு, “மன்னிக்கோணும் அக்கா, கணக்குப்படிதான் விடுறன்,” என்றார். கடதாசி திரும்பிப் போனது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், குறிப்பில் எழுதவில்லை.

செப்டெம்பர் முப்பது, செவ்வாய்க்கிழமை. றிஸ்கான் நானா முந்தின நாள் முழுக்கக் குழு உறுப்பினர்களின் வீடு வீடாகப் போய்க் கெஞ்சியதில் ஒரு தீர்மானம் கிடைத்திருந்தது. பின்னேரம் இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை, பரீட்சார்த்தமாக, அந்தக் கட்டத்தில் சரி போடலாம்.

சரியாக இரண்டு மணிக்கு அலுமாரி திறக்கப்பட்டது. பணிப்பாளர் கடவுச்சொல்லின் முதல் பாதியை அடித்தார். அந்த நேரம் விமலேஸ்வரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பிறகு விமலேஸ்வரி மற்றப் பாதியை அடித்தார். பணிப்பாளர் சுவரைப் பார்த்து நின்றார். றிஸ்கான் நானா சரி போட்டார். வீரகத்தி எழுந்து நின்று கும்பிட்டார். அடுத்த கணம் பெட்டியில் இரண்டு பச்சை விளக்கும் சிவப்பாக மாறின.

“என்ன, ரெண்டு கொம்பனியும் ஒரே நேரத்திலை செத்துப்போச்சோ?” என்று பணிப்பாளர் கேட்டார்.

“கொம்பனி உயிரோடைதான் இருக்கு சேர். ரெண்டு வழியும் வேலை செய்யுதோ எண்டு பெட்டி நிமிசத்துக்கு ஒருக்கா வெளியிலை ஒரு இடத்தைத் தட்டிப் பாக்கும். மறுமொழி வந்தால் வழி இருக்கு. வராட்டில் வழி இல்லை. நல்ல இடமாப் பாத்து வைப்பம் எண்டு நான் சொன்னனான். நீங்கள்தான் கொழும்பிலை எங்கட தலைமையகத்துக் கணினியைத் தட்டச் சொன்னியள்.”

“வேறை ஆரைத் தட்டுறது? தலைமையகத்தைவிட நம்பிக்கையான இடம் இருக்கே?”

கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தோம். தலைமையகத்தில் கம்பளம் கழுவுகிறார்கள், அதனால் கணினியை நிறுத்திக் கதிரைக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. வானத்தில் தட்டு நன்றாகத்தான் இருந்தது. முற்றத்தில் கோபுரமும் நன்றாகத்தான் நின்றது. கொழும்பில் கம்பளம் ஈரமாக இருந்தபடியால் கிளிநொச்சியில் இணையம் இல்லை.

“சேர், தட்டிப் பாக்கிறதை நிப்பாட்டிவிட்டால் ரெண்டும் ஓடும்,” என்றார் றிஸ்கான் நானா.

“தலைமையகம் மறுமொழி சொல்லாத நேரத்திலை நாங்கள் உயிரோடை இருக்கிறம் எண்டு சொல்லுறது ஒழுங்கில்லை றிஸ்கான்.”

மூன்று மணியானது. பரீட்சார்த்த நேரம் முடிந்தது. இணையம் இல்லாவிட்டாலும் தீர்மானம் தீர்மானம்தான். பணிப்பாளரும் விமலேஸ்வரியும் மறுபடி மாறி மாறிச் சுவரைப் பார்த்து நின்று கடவுச்சொல் அடிக்க, போட்ட சரியை றிஸ்கான் நானா எடுத்தார். அலுமாரி பூட்டப்பட்டது. மூன்று இருபத்தைந்துக்குக் கம்பளம் காய்ந்து, விளக்குகள் பச்சையாகின.

வீரகத்தி என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, ஊசியைக் கழற்றி, அடையாள அட்டையை எடுத்து வைத்தார். பெர்மிட்டை அன்று இராசேஸ்வரி அவர் கையிலேயே கொடுத்து விட்டிருந்தா. நான் அடித்தேன். அடையாளம் காண முடியவில்லை. திரும்ப அடித்தேன். முடியவில்லை. மூன்று ஐம்பத்தேழுக்கு ஒரு புதிய வரி வந்தது. கடைசி நாள் என்பதால் அரைகுறை விண்ணப்பங்களையும் ஏற்கும்படி அந்தப் பக்கத்தில் யாரோ இரக்கப்பட்டிருந்தார்.

“நன்றி. உங்கள் இரண்டு விண்ணப்பங்களும் ஏற்றுக்கொள்ளப்பட்டன.”

இரண்டு என்ற சொல்லை அன்று நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. வீரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஒக்டோபர் நடுவில் இணைப்பகத்திலிருந்து மையத்துக்கு இரண்டு கடிதம் வந்தது; இரண்டையும் நான் வீரகத்தியிடம் கொடுத்தேன். முதலாவது வீரகத்திக்கு. ‘உங்கள் விண்ணப்பத்தில் காணி எதுவும் இல்லை. காணியில்லாதவரின் காணியில் மிதிவெடி அகற்ற முடியாது.’ இரண்டாவது கடிதத்தில் பெறுநர் பெயர் வெறுமையாக இருந்தது. ‘ஜெயபுரம், இரண்டு ஏக்கர். உரிமையாளர் இல்லை. ஆட்சேபிக்க ஒருவரும் இல்லாதபடியால் இந்தக் காணிக்கு முன்னுரிமை வழங்கப்படுகிறது.’

அப்படித்தான் வீரகத்தியின் வயல் எல்லாருக்கும் முந்தித் துப்புரவானது. மூன்று கிழமை அவர் வரம்பில் குந்தியிருந்து, அவர்கள் முழங்காலில் நின்று ஒவ்வொரு சாணாகக் கிளறுவதைப் பார்த்தார். பதினான்கு வெடி எடுத்தார்கள். சிவப்புப் பலகைகளைப் பிடுங்கினார்கள். அன்றிரவே விதைநெல்லை எடுத்து வெளியே வைத்தாராம்.

ஆனால் துப்புரவான காணியை உரியவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கவேண்டும். உரியவர் இல்லையென்றால் விண்ணப்பம் அனுப்பிய நிலையத்திடம் ஒப்படைப்பது விதி. பத்திரம் எங்கள் பணிப்பாளரிடம் வந்தது. அவர் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு அவசரக் கூட்டம் கூட்டினார்.

“இது காலத்தாலை வந்த உதவி. மூண்டாவது நாட்டார் ஒரு இணைப்புத் தர எவ்வளவு காலமாக் கேக்கினம்? கோபுரம் நட இடமில்லாமல்தானே நிண்டது? இப்ப ரெண்டு ஏக்கர் கிடைச்சிருக்கு. வெடியும் இல்லை, ஆளும் இல்லை. மூண்டாவது பாதையும் வந்தால் வீரகத்தி மாதிரி ஏழை எளியதுகள் இனி ஒருநாளும் துண்டிக்கப்படமாட்டினம்!”

குழு கைதட்டியது. மூன்று வழிக்கு வட்டப்படத்தில் மூன்றாவது நிறம் எது என்பது பற்றி ஒன்றரை மணிநேரம் பேசினோம். றிஸ்கான் நானா எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் மையத்தின் வான் வண்டியில் நாங்கள் நாலு பேர் ஜெயபுரம் போனோம். வயலின் நடுவில் ‘மூன்றாம் பாதை: எதிர்காலத் தளம்’ என்று ஒரு பலகை நட்டோம். மண்டையோடு மட்டும்தான் அதில் இல்லை. நாங்கள் நட்டு முடிய, வரம்பில் நின்ற உழவு மெசின் உயிர் பெற்றது. வீரகத்தி அதில் ஏறி உழத் தொடங்கினார்.

“ஐயா, நிப்பாட்டுங்கோ! இது மையத்துக்கு ஒப்படைச்ச காணி!” என்று பணிப்பாளர் கத்தினார்.

மெசின் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ தெரியாது. இராசேஸ்வரி முன்னால் வந்தா. இரண்டு கடிதமும் அவாவின் கையில் இருந்தன.

“இந்தக் கடதாசி சொல்லுது, இவருக்குக் காணி இல்லை. மற்றக் கடதாசி சொல்லுது, இந்தக் காணிக்கு ஆள் இல்லை. ரெண்டும் உங்கட பெட்டியாலை போய் வந்த கடதாசி. அப்ப இஞ்சை உழுறது ஆரெண்டு நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ. சொன்னால் நிப்பாட்டச் சொல்லுறன்.”

மழை தூறத் தொடங்கியது. நாங்கள் வண்டியில் ஏறினோம்.

மையத்துக்கு வந்ததும் பணிப்பாளர் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். துப்புரவான காணியில் யாரும் அத்துமீறினால் முறைப்பாடு செய்ய இணைப்பகம் ஒரு படிவம் வைத்திருந்தது. மூன்று பக்கம். முதற்பக்கம் முறைப்பாட்டாளர். இரண்டாம் பக்கம் காணி. அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். பெயர், பதவி, மையத்தின் பதிவிலக்கம். அடுத்த பக்கம். ஜெயபுரம், இரண்டு ஏக்கர்.

“சேர், உங்களை அடையாளம் காண முடியவில்லையாம்.”

“என்னையோ?”

“ஓம். முதலிலையிருந்து தொடங்கட்டாம்.”

ஒன்பது முறை தொடங்கினோம். வீரகத்தியைவிட இரண்டு முறை கூட. பணிப்பாளர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு றிஸ்கான் நானாவைக் கூப்பிட்டார்.

“அந்தக் கட்டத்திலை சரியைப் போடும். எனக்கு மட்டும். அரை நிமிச வேலை எண்டு நீர்தானே சொன்னீர்?”

“அரை நிமிசம்தான் சேர். மற்றப் பாதி கடவுச்சொல் மிஸ்ஸிட்டை.”

விமலேஸ்வரி தன் மேசையிலிருந்து எழும்பவில்லை. அவர் கொள்கையில் உறுதியானவர், அதை இதுவரை யாரும் சரியாக மதித்ததில்லை.

“சேர், நீங்கள் முழுக்க வானத்தாலை போனால் கோபுரக்காரருக்கு நாங்கள் என்ன மறுமொழி சொல்லுறது?” என்று கேட்டார். “குழுவிலை வைப்பம். நீங்கள் ஒரே ஆள்தான் எண்டதுக்கு ஒரு கடிதமும் எடுத்துக்கொண்டு வாங்கோ.”

விடயம் குழுவுக்குப் போனது. ஒருமுறை வடை வரவில்லை. ஒருமுறை தைப்பொங்கல் குறுக்கிட்டது. குறிப்பு எழுதுவது நான் என்பதால், முந்தின கூட்டக் குறிப்பு ஒருபோதும் நேரத்துக்குத் தயாராக இருக்கவில்லை. அதில்லாமல் அடுத்த கூட்டத்தைத் தொடங்கக்கூடாது. அந்தக் காலபோகம் நல்ல மழை. கிளி விரட்டுவதற்காக இராசேஸ்வரி மூன்றாம் பாதைப் பலகைக்கு ஒரு பழைய சேட்டைப் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை, குழு கூடியிருந்தபோது வீரகத்தி சைக்கிளில் வந்தார். கரியரில் புது அரிசி இரண்டு பை. ஒன்றை இறக்கி நீலக் கதவடியில் வைத்தார். மற்றதை இறக்கிப் பச்சைக் கதவடியில் வைத்தார்.

“ரெண்டும் ஒரே நிறை ஐயா. வேணுமெண்டால் தராசிலை போட்டுப் பாருங்கோ. ஒருத்தருக்கும் ஓரவஞ்சனை செய்யேல்லை,” என்று பணிப்பாளருக்குச் சொல்லிவிட்டு, றிஸ்கான் நானாவையும் என்னையும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

வந்த பொருளை யார் தந்தது, எங்கே விளைந்தது என்று குறிப்பில் எழுதியே ஆகவேண்டும். பணிப்பாளர் கோவைகளைப் புரட்டினார். எங்கள் கோவைகளின்படி எது சரியோ அதை எழுதச் சொன்னார். நான் எழுதினேன்: ‘பெயர் இல்லாத காணியொன்றில் விளைந்த அரிசியை, காணி இல்லாத ஒருவர் மையத்துக்கு அன்பளிப்புச் செய்தார். குழு ஏகமனதாக நன்றி தெரிவித்தது.’